தனி ஆள், இரண்டு கால்: வாசகர் கேள்விகள்

தனியாக மேடையேறுகிறவர்கள் காலையும் ஒரு வாத்தியமாக்கிக்கொள்ளலாம் என்று போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். கடிதங்கள் வந்து குவிகின்றன. பாதிப் பேர் எதை வாங்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர், வீட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், எப்படி நிறுத்துவது என்கிறார்கள். பலர் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். கூட வாசிக்க ஆள் கிடையாது. காலால் வாசிக்கும் தாளக் கருவிகளில் முதலில் எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அடிப்பாகம் கெட்டியான ஒரு ஷூவும் ஒரு மரப்பலகையும் போதும். பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டு, செல்போனைக் காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடாக வரும் ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். பிறகு காலை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

பெரும்பாலும் மூன்று சங்கதிகள் தெரியவரும். ஒன்று, கால் தாளத்தைப் பிடிக்கவில்லை, வலக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கை எங்கே அழுத்துகிறதோ அங்கே காலும் அழுத்துகிறது. இரண்டு, வார்த்தை நெருக்கமாக வரும் வரியில் கால் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. மூன்று, பல்லவிக்குத் திரும்பும்போது உற்சாகத்தில் வேகம் கூடிவிடுகிறது. இந்த மூன்றையும் எந்தக் கருவியும் தீர்க்காது. ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே அறிவிக்கும், அவ்வளவுதான்.

கிடாரைக் கீழே வைத்துவிட்டு, கால் தட்டிக்கொண்டு பாட மட்டும் செய்யுங்கள். அது சரியாக வந்த பிறகு கிடாரை எடுங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலில் கிடாரும் காலும், பிறகு பாட்டு என்று போகிறவர்கள் பலர். கை ஏற்கெனவே காலைத் தன் வசப்படுத்தியிருக்கும், அதைப் பிரிப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும்.

பலகை என்றதும் ஏமாற்றமாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் 1948-இல் டெட்ராய்ட்டில் பதிவு செய்த முதல் பாடல்களில் பக்கவாத்தியக்காரர் யாரும் கிடையாது. ஒரு குரல், ஒரு மின்கிடார், ஒரு கால். அந்தக் காலின் சத்தத்தையும் வேண்டுமென்றே மைக்கில் பிடித்தார்கள். கனடாவின் கியூபெக் பகுதியில் வயலின்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களாலும் பலகையில் தாளம் போடுகிறார்கள். குதிகாலும் முன்பாதமும் மாறிமாறி விழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பக்கத்தில் இன்னொருவர் வாசிக்கிறார் என்றே தோன்றும். அவர்கள் கையில் இருக்கும் கருவி வயலின், காலில் இருப்பது ஷூ. வேறொன்றும் இல்லை.

கேள்வி: காலால் மிதித்துத் தாளம் போடும் ஸ்டாம்ப் பாக்ஸ் என்ற மரப்பெட்டியை நானே செய்துவிட்டேன். உள்ளே பியெசோ தகடு ஒட்டி ஒலி மிக்ஸரில் இணைத்தால் ‘தொம்’ என்று வருவதற்குப் பதிலாக ‘டக் டக்’ என்று கதவைத் தட்டுவதுபோல் வருகிறது. பெட்டி சரியில்லையா?

பதில்: பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். தவறு நீங்கள் வயரைச் செருகிய துளையில் இருக்கிறது.

பியெசோ தகடு என்பது பித்தளை வட்டத்தின் மேல் பீங்கான் பூசிய மெல்லிய சில்லு. மரம் அதிரும்போது அது வளைகிறது, வளையும்போது மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் மின்சுற்றில் அது ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்ளும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் தகட்டின் கொள்திறன் 20 நானோஃபாரட் அளவில் இருக்கும். அதை 10 கிலோஓம் மின்தடையுள்ள லைன் இன்புட் என்ற சாதாரணத் துளையில் செருகினால், இரண்டும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடுகின்றன. சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய ஆரம்பிக்கும், கீழே போகப்போக இன்னும் தேயும். நீங்கள் தேடும் ‘தொம்’ இருப்பதோ 60, 80, 100 ஹெர்ட்ஸில். அது மிக்ஸருக்குள் நுழைவதற்குள் உயிரை விட்டுவிடுகிறது. மிஞ்சுவது டக் டக்.

அதே தகட்டை 1 மெகாஓம் உள்ள இன்புட்டில் இணையுங்கள். வடிகட்டும் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அதாவது காதுக்கு எட்டும் எதுவும் தொலைந்துபோகாது. கிடாருக்கென்று தனி இன்புட் உள்ள மிக்ஸர், கிடாருக்கான பிரீஆம்ப் (முன்பெருக்கி), பியெசோவுக்கு ஏற்ற டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு பொருத்தித்தரும் இணைப்புப் பெட்டி), இவற்றில் எது கையில் இருந்தாலும் சரி. இணைத்துப் பாருங்கள், அதே பெட்டிதானா என்று சந்தேகம் வரும்.

அடுத்தது ஒட்டும் விதம். கிடாரில் தகடு பொருத்துகிறவர்கள் கெட்டியான பசையைச் சிபாரிசு செய்வார்கள். அவர்களுக்கு நரம்பின் மினுமினுப்பு வேண்டும். நமக்கு வேண்டாம். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய நுரை ஒட்டுநாடா இருந்தால் ஷூ மரத்தில் மோதும் அந்தக் கிளிக் சத்தம் மட்டுப்படும். கால் விழும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளி ஒட்டினால் இன்னும் உருண்டையான ஒலி வரும். வயரைப் பற்றவைக்கும்போது பீங்கான் பக்கத்தில் சூட்டுக்கோலை நிறுத்திவைக்காதீர்கள், தொட்டதும் எடுத்துவிட வேண்டும். பீங்கான் சூடு தாங்காது.

பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் கால் அவசியம். இல்லாவிட்டால் மேடையில் யார் நடந்தாலும் உங்கள் தாளத்தில் ஓரடி கூடும். கடைசியாக மிக்ஸரின் ஈக்வலைசர், அதாவது ஒலியின் கீழ், மேல் பகுதிகளை ஏற்றி இறக்கும் வசதி: 200 ஹெர்ட்ஸுக்கு மேலே தாராளமாகக் குறையுங்கள், 80-ஐ ஒட்டிக் கொஞ்சம் ஏற்றுங்கள். சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு 40 ஹெர்ட்ஸை ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தரவே முடியாது. முக்கி முனகிக்கொண்டு மற்ற ஒலிகளையும் கெடுத்துவிடும்.

கேள்வி: கால்மணி நேரம் வாசித்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரிகிறது. மருத்துவரிடம் போக வேண்டுமா?

பதில்: வலி ஓய்வெடுத்த பிறகும் விடாமல் இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். வாசிக்கும்போது மட்டும் எரிகிறது என்றால், நீங்கள் குதிகாலை ஊன்றி முன்பாதத்தால் தட்டுகிறவர். பாதத்தைக் கீழே போடுவது எளிது. ஒவ்வொரு முறையும் மேலே தூக்குவது கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கமாக ஓடும் ஒரு மெல்லிய தசை. நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்தால் நான்கு நிமிடப் பாட்டில் 400 முறை தூக்குகிறது. எரியாமல் என்ன செய்யும்?

முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலால் அடித்துப் பழகுங்கள். வேலை பின்னால் இருக்கும் பெரிய ஆடுதசைக்குப் போய்விடும். நாள் முழுக்க நம்மைச் சுமந்து நடக்கிற தசை அது, இதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தவிர குதிகால் அடியில் கனம் அதிகம், ஒலியும் நன்றாக இருக்கும். நாற்காலியின் உயரத்தையும் பாருங்கள். தாழ்ந்த இருக்கையில் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும், கால் சுதந்திரமாக ஆடாது. தொடை முன்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும் உயரம் சரி.

நின்றுகொண்டு வாசிக்கிறவர்களுக்கு என் யோசனை வேறு: எடையை ஒரு காலில் போட்டுக்கொண்டு மற்றதால் தட்டுவது ஒரு மணி நேரத்துக்கு மேல் இடுப்புக்கு ஆகாது. உயர்ந்த ஸ்டூல் ஒன்றில் பாதி சாய்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பாதத்தில் மாட்டும் டாம்பரின் (உலோக வில்லைகள் குலுங்கும் கருவி), கணுக்காலில் கட்டும் ஷேக்கர் (உள்ளே மணிகள் உள்ள குலுக்கி). எது நல்லது?

பதில்: ஷேக்கர். காரணம் சொல்கிறேன். மரப்பெட்டி கால் இறங்கும்போது மட்டும்தான் பேசும். ஷேக்கருக்குள் இருக்கும் மணிகள் கால் இறங்கும்போது ஒரு பக்கச் சுவரில் மோதும், ஏறும்போது மறுபக்கச் சுவரில் மோதும். அதாவது ஒரே காலசைவில் அடியும் கிடைக்கிறது, இரண்டு அடிகளுக்கு நடுவில் விழ வேண்டிய சின்ன ஒலியும் கிடைக்கிறது. காலைத் தூக்கும் நேரத்தைச் சீராக்கினால் போதும், பாட்டு நடை போட ஆரம்பித்துவிடும். இதைப் பழக்காதவர்கள் காலைச் சோம்பலாகத் தூக்கி அவசரமாகப் போடுவார்கள். அப்போது நடு ஒலி நொண்டும். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பாட்டின் வேகத்துக்கு இரண்டு மடங்கில் வைத்து, காலை ‘தூக்கும்’ அடியைக் கவனித்துப் பழக வேண்டும். யாரும் சொல்லித்தராத பாடம் இது.

டாம்பரினிலும் வில்லைகள் இரண்டு முறை குலுங்கும்தான். ஆனால் அந்தக் கிலுகிலுப்பு உங்கள் பாட்டில் வரும் ச, ஸ எழுத்துகளின் ஒலி இருக்கும் சுருதி உயரத்திலேயே இருக்கிறது. மெல்லிய குரல் உள்ளவர்களின் வார்த்தைகளை அது தின்றுவிடும். டாம்பரின்தான் வேண்டும் என்றால் நான்கு அடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் போடுங்கள். அதிலும் பாட்டின் பிற்பகுதிக்கென்று எடுத்துவையுங்கள்.

கேள்வி: வலக்காலில் பாஸ் டிரம், இடக்காலில் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டு, கையில் கிடார், கழுத்தில் மவுத் ஆர்கன் என்று ஒருவர் வாசிப்பதைப் பார்த்தேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. எவ்வளவு காலம் பிடிக்கும்?

பதில்: ஆசைக்கு அளவில்லை, ஆனால் இந்த ஆசைக்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது. இன்று டிரம் வாசிப்பவர்கள் குச்சியால் அடிக்கிறார்களே, அந்த ஹை-ஹாட் பிறந்ததே காலுக்காகத்தான். 1920-களில் கீல் வைத்த இரண்டு பலகைகளில் ஆளுக்கொரு சிறு தாளத்தட்டை மாட்டி, பாதத்தில் கட்டி மிதித்தார்கள். பிறகு அது ஒரு குட்டைத் தண்டில் ஏறியது. குச்சிக்கு எட்டும் உயரத்துக்கு வளர்ந்தது அதற்கும் பின்னால்.

தனியாள் கச்சேரிக்காரர்களில் நான் மதிப்பவர் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜெஸ்ஸி ஃபுல்லர். 1896-இல் பிறந்தவர். பாஸ் (கீழ்ஸ்தாயி) வாசிக்க ஆள் கிடைக்காமல், பியானோ நரம்புகள் பூட்டிய ஒரு பெட்டியைத் தானே செய்து, கால்விரலால் பெடலை அழுத்தினால் சுத்தியல் போய் நரம்பைத் தட்டும்படி அமைத்தார். ஃபோட்டெல்லா என்று அதற்குப் பெயர். அது ஒரு காலுக்கு. மறுகாலுக்கு ஹை-ஹாட். கையில் பன்னிரண்டு நரம்பு கிடார், வாய்க்கு மவுத் ஆர்கன். பதிவுகளைக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும்: அவர் எதையும் காட்டிக்கொள்வதில்லை. கால் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவர் பாடுகிறார்.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். வலக்கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு, அடி தவறாமல், யோசித்துப் பதில் சொல்ல முடிகிறதா? முடியும் நாளில் இடக்காலைச் சேர்க்கலாம். அதுவரை இடக்கால் சும்மா இருக்கட்டும். நான்கையும் ஒன்றாகத் தொடங்கியவர்களின் நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன். கூட்டம் பாட்டைக் கேட்பதில்லை, மனிதர் எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: பழைய சூட்கேஸை டிரம்மாக மாற்றுகிறார்களாமே? அதை வாங்குவதா, கஹோன் என்ற மரப்பெட்டியும் பெடலும் வாங்குவதா?

பதில்: இரண்டுமே பெடல் என்ற ஒரே கருவியை நம்பியிருப்பவை. வில்லியம் லுட்விக் 1909-இல் சிகாகோவில் கொண்டுவந்த வேகமான பாஸ் டிரம் பெடல்தான் இவை எல்லாவற்றுக்கும் மூதாதை. ஃபெல்ட் தலை கொண்ட கோல், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், மிதிப்பலகை. அடிப்படை இன்றும் அதுதான்.

கெட்டியான ஓடு உள்ள சூட்கேஸ் நல்ல ஒலி தரும், உள்ளே மற்ற சாமான்களையும் வைத்துக்கொண்டு போகலாம். சிக்கல் எங்கே என்றால், பெடலின் கிடுக்கி கவ்விப் பிடிக்க டிரம்மில் வளையம் இருக்கும், சூட்கேஸில் இருக்காது. அடியில் ஒரு மரச்சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கி, அதில் பெடலைப் பூட்ட வேண்டும். கோல் விழும் இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டு ஒட்டாவிட்டால் ஓடு நாளடைவில் விரிசல் விடும். உள்ளே ஒரு பழைய துணி போட்டால் எதிரொலி அடங்கும். அதிகம் போட்டால் மொத்தமும் அடங்கிவிடும்.

பெரு நாட்டிலிருந்து வந்த கஹோனில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பெடலின் கோல் பெட்டியின் முன்பலகையில் விழ வேண்டும், மிதிப்பலகையோ உங்கள் பாதத்துக்கு வசதியாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது சைக்கிள் பிரேக் போன்ற ஒரு கம்பி. கம்பியின் வழியாக வரும் அடியில் ஒரு துளி மந்தம் இருக்கும். வேகமான பாட்டுக்காரர்களுக்கு அது உறுத்தும். நிதானமாகப் பாடுகிறவர் என்றால் கஹோனை எடுங்கள். எதை எடுத்தாலும் பெடலுக்கு அடியில் ஒரு முரட்டுக் கம்பளத் துண்டு போடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது பாட்டுக்குள் டிரம் உங்களைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும்.

கேள்வி: என் கணவர் இரவு பத்து மணிக்குமேல் பெட்டியை மிதித்துப் பயிற்சி செய்கிறார். கீழ்வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாய் விரித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது அம்மா. காற்றில் வரும் சத்தத்தைத்தான் பாயோ திரைச்சீலையோ கொஞ்சம் குறைக்கும். கால் அடி தரை வழியாகவே கட்டடத்துக்குள் இறங்குகிறது. அடர்த்தியான ரப்பர் விரிப்பின் மேல் ஒரு கனமான பலகை, அதன் மேல் பெட்டி என்று அடுக்கினால் ஓரளவு குறையும். அதைவிட நல்ல வழி, பத்து மணிக்குமேல் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் தடித்த மெத்தையின் மேல் வெறுங்காலால் தட்டச் சொல்லுங்கள். லயம் வளர்வதற்குச் சத்தம் தேவையில்லை. மெட்ரோனோமுக்கு ஹெட்போன் இருக்கிறது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? தாள இயந்திரத்தைப் போட்டுவிட்டுப் பாடினால் போயிற்றே!

பதில்: போடலாம், தடையில்லை. ஆனால் கடைசி வரியை நீங்கள் கொஞ்சம் இழுத்துப் பாட நினைக்கும்போது இயந்திரம் காத்திருக்காது. ஒரு வார்த்தைக்கு முன்னால் மூச்சு விட இடம் வேண்டும் என்றாலும் தராது. கால் தரும். காலை மிதித்தால் பதிவு செய்த டிரம் ஒலியைத் தரும் மின்பெடல்கள் இருக்கின்றன, அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை, நேரத்தை நீங்கள்தானே முடிவு செய்கிறீர்கள்! மெதுவாக மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் ஒரே சத்தம் வருகிற பெடலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

கேள்வி: ஏழு எண்ணிக்கையில் ஒரு பாட்டு மெட்டமைத்தேன். கால் ஒவ்வொரு சுற்றிலும் மாட்டிக்கொள்கிறது.

பதில்: ஏழையும் அடிக்கிறீர்கள், அதுதான் வம்பு. தகிட தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். மூன்றும் நான்கும். ‘தகிட’வின் முதல் எழுத்தில் ஓரடி, ‘தகதிமி’யின் முதல் எழுத்தில் ஓரடி, சுற்றுக்கு இரண்டே அடி. சொற்கட்டு வாயில் ஓடிக்கொண்டிருக்க, கால் குட்டையாகவும் நெட்டையாகவும் இரண்டு எட்டு வைக்கும். அது பழகிய பிறகு ‘திமி’யில் லேசாக ஓரடி சேர்த்தால் நான்கு இரண்டிரண்டாகப் பிரியும், பாட்டு முன்னே சாயும். அதற்குமேல் சேர்க்காதீர்கள். பாட்டில் உங்கள் குரலுக்கும் இடம் வேண்டும்.

கேள்வி: பாட்டு முடியும்வரை கால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: கூடாது. முதல் சரணம் முழுக்கக் காலில்லாமல் பாடி, இரண்டாவதில் கொண்டுவாருங்கள். தொடக்கத்திலேயே வந்துவிட்டால் கேட்பவரின் காது ஒரு நிமிடத்தில் அதைச் சுவர்க்கடிகாரம்போல ஒதுக்கிவிடும். நிறுத்தும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: வரி தொடங்குவதற்கு முன் நிறுத்த வேண்டும். வரிக்கு நடுவில் நின்றால் தடுமாறினீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி: எந்தச் செருப்பு, எந்த ஷூ?

பதில்: தோல் அடிப்பாகம் கொண்ட ஷூ, கொஞ்சம் உயர்ந்த குதி. பலகைக்கு அதுதான். பியெசோ பெட்டிக்கு ரப்பர் அடிப்பாகம் நல்லது, கிளிக் சத்தம் இருக்காது. வெறுங்காலில் மிதித்தால் ஒலி இன்னும் மிருதுவாகும், ஆனால் குதிகால் அடியை ஒரு மாலை முழுக்க வெறுங்காலில் அடிக்க முடியாது. காலுறை மட்டும் போட்டுக்கொண்டு வேண்டாம், வழுக்கும். நிகழ்ச்சிக்கென்று வேறு புது ஷூ வாங்கியிருந்தால், அன்றைக்குப் பழையதையே போட்டுக்கொண்டு போங்கள்.